மால்பாஸ் சாலை

சாண்டோ டொமிங்கோவில் காலையில் பேருந்து ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஹைட்டி எல்லையைத் தொட்டுவிடலாம். அசுவா ஊரைத் தாண்டியதும் பசுமை குறைந்து கள்ளியும் முள்மரங்களுமாகிறது நிலம். பிறகு என்ரிகியோ ஏரி வருகிறது. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் உப்பேரி அது. முதலைகள் வாழும் ஏரி. கரையோரம் தண்ணீருக்குள் நின்றபடியே பட்டுப்போன மரங்கள், ஏரி பெருகி விழுங்கிய தோட்டங்களின் எச்சம். எல்லைக்கு அப்பால் இருக்கும் அசுவேயி ஏரியும் அதேபோல் பெருகிச் சாலைமீது ஏறியதால், சுண்ணாம்புக் கல்லைக் கொட்டிச் சாலையை மேடாக்க வேண்டியிருந்தது. வெள்ளைப் புழுதி பறக்கும் அந்த இடத்தில் டொமினிக்கன் பக்கத்து ஊர் ஹிமானி. ஹைட்டி பக்கத்துச் சாவடி மால்பாஸ்.

மால்பாஸிலிருந்து தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். ஃபோன் பரிசியான், கான்த்தியே, குவா-தே-புக்கே, தபார் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வண்ணம் பூசிய, பைபிள் வசனங்கள் எழுதிய ‘தப்தப்’ வண்டிகள் ஆட்களை அடைத்துக்கொண்டு ஓடுகின்றன. தலைநகருக்குப் பின்னால் சாலை மலையேறி பெத்தியோன்வில், ஃபெர்மாத், கென்ஸ்கோஃப் என்று குளிர்ப் பிரதேசத்துக்குப் போய்விடுகிறது. கடவுளின் பெயரால் ஹைட்டிக் குழந்தைகளுக்கு உதவ வந்த வெளிநாட்டவர்களின் கதைகள் பல இந்த ஒரே தடத்தில்தான் நடந்திருக்கின்றன. நல்ல மனம் படைத்தவர்களின் கதைகள் அவை. நல்ல மனம் எங்கே குழந்தைக்கு உதவியது, எங்கே குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தது என்பதை இந்தத் தடத்திலேயே பார்த்துவிட முடியும்.

2010 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. ஹைட்டிப் பக்கமிருந்து ஒரு பேருந்து மால்பாஸ் சாவடிக்கு வந்தது. உள்ளே 33 குழந்தைகள். மூத்த குழந்தைக்கு 12 வயது. ஆகச் சிறியது பிறந்து சில மாதமே ஆன கைக்குழந்தை. பெயர் எழுதிய நாடாவைச் சட்டைகளில் ஒட்டியிருந்தார்கள். உடன் இருந்தவர்கள் பத்து அமெரிக்கர்கள், ஐந்து பெண்களும் ஐந்து ஆண்களும். பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்தின் இரண்டு பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். பதினெட்டு வயதுப் பெண் முதல் ஐம்பதைக் கடந்த ஆண் வரை, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்கள். குழந்தைகளை நாட்டைவிட்டு அழைத்துப்போக ஹைட்டி அரசு கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே என்று காவலர்கள் கேட்டார்கள். அப்படி ஒரு கடிதம் அவர்களிடம் இல்லை.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதைக் குழந்தை கடத்தும் கும்பல் ஒன்றின் வேலையாக நினைத்துவிட்டால் பாடம் தவறிப்போகும்.

ஜனவரி 12 மாலை 4.53 மணிக்கு, தலைநகருக்கு மேற்கே லியோகான் அருகே 7.0 அளவில் நிலம் அதிர்ந்தது. கம்பி குறைத்து, மணல் மிகுத்துக் கட்டிய கான்கிரீட் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அதிபர் மாளிகையும் பேராலயமும் விழுந்தன. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கில்லை. ஹைட்டி அரசு 3,16,000 என்றது, ஒரு லட்சத்துக்கும் குறைவாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. பதினைந்து லட்சம் பேருக்கு வீடில்லாமல் போயிற்று. உலகம் முழுவதும் தொலைக்காட்சித் திரைகளில் இடிபாடுகளுக்கு நடுவே நின்ற குழந்தையின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் நல்லவர்கள்தான். ஜனவரி 19-ஆம் தேதியே பென்சில்வேனியா மாநில ஆளுநர் எட் ரெண்டல் தனி விமானத்தில் போய், ஓர் இல்லத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிட்ஸ்பர்க் நகருக்குக் கூட்டிவந்தார். விமானம் இறங்கியபோது ஊரே கொண்டாடியது. அதே வாரத்தில் ஐடஹோவின் மெரிடியன் நகரில், லாரா சில்ஸ்பி என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது.

நிலநடுக்கத்துக்கு முன்பே, 2009 நவம்பரில், ‘நியூ லைஃப் சில்ட்ரன்ஸ் ரெஃப்யூஜ்’ என்ற பெயரில் சில்ஸ்பி ஓர் அமைப்பைப் பதிவு செய்திருந்தார். டொமினிக்கன் குடியரசின் வடகரையில் இல்லம் கட்டுவது திட்டம். நிலநடுக்கம் வந்ததும் திட்டம் அவசரமாயிற்று. கபரேத் கடற்கரையில் 45 அறைகள் கொண்ட ஒரு விடுதியை வாடகைக்குப் பேசி, அதையே தற்காலிக இல்லமாக்க முடிவாயிற்று. குழுவின் பயணத் திட்டம் எழுத்தில் இருக்கிறது. சாண்டோ டொமிங்கோவிலிருந்து பேருந்தில் போர்ட்-ஓ-பிரின்ஸ் போவது, தெருக்களிலும் இடிந்த இல்லங்களிலும் இருந்து நூறு அனாதைக் குழந்தைகளைச் சேர்ப்பது, திரும்பி வருவது. பிறகு கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கும் வாய்ப்பு. சபைகள் ஜெபித்தன, காணிக்கை திரட்டின, துணிமணிகள் சேர்த்தன.

திட்டத்தில் ஓர் எண் இருந்தது: நூறு. அந்த நூறு பேரின் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிப்பது யார், எந்த மொழியில், எத்தனை நாளில் என்பதற்கு அதில் இடம் இருக்கவில்லை. குழுவுக்குக் கிரியோல் மொழி தெரியாது. பேரழிவுக்குப் பிறகான முதல் வாரங்களில் எந்தக் குழந்தை அனாதை, எது கூட்டத்தில் பிரிந்துபோன குழந்தை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. மருத்துவமனைக் கூடாரத்தில் தனியாகக் கிடக்கும் குழந்தையின் தாய், நகரின் இன்னொரு மூலையில் வேறொரு கூடாரத்தில் கால் உடைந்து கிடக்கலாம். செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் பெயர் பதிந்து, புகைப்படம் எடுத்து, உறவினர்களைத் தேடும் வேலையில் இறங்கியது இதற்காகத்தான். பிரதமர் ஷான்-மக்ஸ் பெல்லெரீவ், ஒவ்வொரு குழந்தையின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் தன் கையெழுத்து வேண்டும் என்று உத்தரவிட்டதும் இதற்காகத்தான்.

சுனாமி அடித்த கரைகளில் வாழ்கிறவர்களுக்கு இந்த உத்தரவின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தோனேசிய அரசு, அச்சேயின் 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகத் தடை போட்டது. நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குத் தமிழக அரசே பொறுப்பேற்று அன்னை சத்யா இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டது. அந்த நாட்களில் குழந்தை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்பதால் எடுத்த முடிவுகள் அல்ல இவை. ஊரும் உறவும் கண்ணெதிரே இருக்கும்போதே குழந்தை சோகத்திலிருந்து மீள்கிறது என்பதும், அவசரத்தில் எடுத்துப்போன குழந்தையைத் திரும்பக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதும் பல பேரழிவுகளில் பட்டுத் தெரிந்துகொண்டவை.

பேருந்தில் இருந்த குழந்தைகளில் இருபது பேர் கலபாஸ் என்ற மலைக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். தலைநகருக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில் முட்டைக்கோசும் கேரட்டும் விளைகின்றன. பெண்கள் விடியுமுன் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிறார்கள். நிலநடுக்கம் அந்த ஊரின் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கர்களும், அவர்களுக்காக மொழிபெயர்த்த உள்ளூர்க்காரரும் ஊர் மக்களைக் கூட்டிப் பேசினார்கள். குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு, விளையாடத் திடல் உண்டு, நீச்சல் குளம் உண்டு, பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சொன்னார்கள். விடுதியின் படம் போட்ட தாள்களைக் காட்டினார்கள். பெற்றோர்கள் சம்மதித்தார்கள். பிறகு செய்தியாளர்கள் அந்த மலைக்குப் போய்க் கேட்டபோது, யாரும் மிரட்டி வாங்கவில்லை, நாங்களாகத்தான் கொடுத்தோம் என்றார்கள் பல பெற்றோர்கள். வீடு போய்விட்டது, சோறு இல்லை, பிள்ளையாவது படிக்கட்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இதைப் படிக்கும்போது அந்தத் தாய்களைக் குற்றம் சொல்லத் தோன்றினால், ஹைட்டியின் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை, பல மதச் சபைகள் நடத்துபவை. சீருடை, காலணி, புத்தகம், கட்டணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓரிருவரைத்தான் அனுப்ப முடியும். அதனால் நகரத்தில் கொஞ்சம் வசதியாக இருக்கும் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிடும் பழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. வீட்டு வேலை செய்யும், பதிலுக்குச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறார்கள். பல வீடுகளில் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. விடியற்காலையில் தண்ணீர் சுமந்து, கடைசியாகச் சாப்பிட்டு, அடியும் வாங்கி வளர்கிறது பிள்ளை. ‘ரெஸ்தவெக்’ என்று அழைக்கப்படும் இந்தக் குழந்தைகள் லட்சக்கணக்கில் இருப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. அப்படி வளர்ந்த ஜான்-ராபர்ட் கடே 1998-ல் தன் வாழ்க்கையை ‘ரெஸ்தவெக்’ என்ற தலைப்பிலேயே எழுதிய பிறகுதான் வெளியுலகம் இதை உற்றுக் கவனித்தது. பிள்ளையின் படிப்புக்காகப் பிள்ளையையே பிரிய வேண்டிய நாட்டில், நீச்சல் குளப் படத்தோடு ஒரு வெள்ளைக்காரக் குழு வந்து கேட்டால் தாய் என்ன சொல்வாள்?

எச்சரிக்கை வராமலும் இல்லை. சில நாள்களுக்கு முன்பே குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஹைட்டிக் காவலர் தடுத்து இறக்கிவிட்டிருந்தார். போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்த டொமினிக்கன் தூதரக அதிகாரி ஒருவர், உரிய தாள்கள் இல்லாமல் எல்லையைக் கடந்தால் குழந்தைக் கடத்தல் குற்றமாகும் என்று சில்ஸ்பியிடம் நேரிலேயே சொன்னதாகப் பின்னர் தெரிவித்தார். ஆனாலும் பேருந்து புறப்பட்டது. கடவுள் வழி திறப்பார் என்ற நம்பிக்கை ஒரு மனிதருக்குத் துணிச்சல் தருவது நல்லதுதான். அடுத்தவர் பிள்ளை சம்பந்தப்பட்ட காரியத்தில், தடுக்கிற காவலரின் வழியாகவும் கடவுள் பேசலாம் என்று அந்தக் குழுவில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

மால்பாஸில் பேருந்து திருப்பிவிடப்பட்டது. அமெரிக்கர்கள் தலைநகரக் காவல் தலைமையகத்துக்கும், குழந்தைகள் குவா-தே-புக்கே அருகே சாண்டோவில் உள்ள எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமத்துக்கும் போனார்கள். வந்து சேர்ந்தபோது பல குழந்தைகள் பசியில் இருந்தன; கைக்குழந்தை நீர்ச்சத்து வற்றிப்போயிருந்தது. ஒரு சிறுமி விடாமல் அழுதாள். தான் அனாதை இல்லை, தனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், ஏதோ விடுமுறை முகாமுக்குக் கூட்டிப்போவதாக நினைத்துத்தான் வந்தேன் என்று அவள் சொன்னதை, எஸ்ஓஎஸ் கிராமத்தின் பேச்சாளர் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். பிறகு அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் தேடிப் போனார்கள். அந்த 33 பேரில் ஒருவர்கூட அனாதை இல்லை.

நீதிமன்றக் கதை சுருக்கமானது. பிப்ரவரி 4-ஆம் தேதி பத்துப் பேர்மீதும் கடத்தல் குற்றச்சாட்டு பதிவாயிற்று. பிப்ரவரி 17-ஆம் தேதி எட்டுப் பேரை நீதிபதி விடுவித்தார். மார்ச்சில் ஒன்பதாமவர் விடுதலையானார். சில்ஸ்பி மட்டும் மே 17 வரை சிறையில் இருந்தார். கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, முறையற்ற பயணத்துக்கு ஏற்பாடு செய்ததாக மட்டும் தண்டிக்கப்பட்டு, சிறையில் கழித்த நாள்களே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு ஊர் திரும்பினார். குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் மார்ச்சிலேயே பெற்றோரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இவற்றில் தீர்ப்பைவிட நினைவில் வைக்க வேண்டியது அந்தக் கடைசிச் செய்திதான். சில வாரங்கள் தேடினால் கிடைத்துவிடும் பெற்றோர்கள் அவர்கள்.

அந்தப் பத்துப் பேர்மீது உலகம் கோபத்தைக் கொட்டித் தீர்த்தது. ஆனால் அவர்கள் செய்தது, ஹைட்டியில் நெடுங்காலமாக அமைதியாக நடந்துவந்த ஒன்றின் அவசர வடிவம். லூமோஸ் என்ற குழந்தை நல அமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கை, ஹைட்டியில் சுமார் 750 இல்லங்களில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். இந்த இல்லங்களில் மிகச் சிலவே அரசின் அனுமதி பெற்றவை. பணத்தின் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக அமெரிக்கச் சபைகளிடமிருந்து வருகிறது. மூன்றில் ஒரு பங்கு இல்லங்களைப் பற்றித் திரட்டிய கணக்கே ஆண்டுக்கு 7 கோடி டாலரைத் தொட்டது. கோடை விடுமுறையில் ஒரே நிற டி-ஷர்ட் அணிந்த இளைஞர் குழுக்கள் வருவார்கள். ஒரு வாரம் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், பாட்டுக் கற்றுக்கொடுப்பார்கள், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், அழுதுகொண்டே விடைபெறுவார்கள். அடுத்த வாரம் இன்னொரு குழு. ஒவ்வொரு வாரமும் ஒருவரிடம் ஒட்டி, ஒவ்வொரு வாரமும் பிரியும் குழந்தை, யாரைக் கண்டாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது பாசம். குழந்தை மனநல மருத்துவர்களுக்கு அது நோயின் அறிகுறி.

பணம் இல்லத்துக்கு வருகிறது. இல்லத்துக்குப் பணம் வரக் குழந்தை வேண்டும். குழந்தைக்காக மலைக் கிராமங்களுக்கு ஆள் போகிறார்கள். ஹைட்டியில் பல ஆண்டுகள் வாழ்ந்த மானுடவியலாளர் திமோத்தி ஷ்வார்ட்ஸ், நிலநடுக்கத்துக்கு முன்பே, 2008-ல் வெளியிட்ட நூலில் இந்த இல்லங்களின் உள்நிலவரத்தைக் கடுமையாக எழுதினார். அப்போது கேட்டவர்கள் குறைவு.

தலைநகரிலிருந்து மலையேறும் சாலையில் ஃபெர்மாத் வருகிறது. 2020 பிப்ரவரி 13 இரவு, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு அங்கே நடத்திவந்த இல்லத்தில் தீப்பிடித்தது. மின்சாரம் இல்லாத இரவு. வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்ததாகச் சொன்னார்கள். 15 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இல்லத்துக்கு அரசின் உரிமம் இல்லை. சவச்சாலைக்கு வெளியே நின்று அழுதவர்களில் பெற்றோர்கள் இருந்தார்கள். அனாதை இல்லத்தில் இறந்த குழந்தைக்காகப் பெற்றோர் வந்து அழுத அந்தச் செய்தியைப் படித்த பிறகாவது, பணம் அனுப்புகிறவர்கள் தாங்கள் அனுப்பும் இடத்தைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும்.

விசாரித்தவர்கள் உண்டு. 2008 வாக்கில் அனாதைக் குழந்தைகளுக்கு உதவும் எண்ணத்தோடு ஹைட்டிக்கு வந்த ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவத் தம்பதி, தாங்கள் சந்தித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். பிள்ளையை ஏன் இல்லத்தில் விட்டீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில் வேலை இல்லை என்பதுதான். இல்லம் தொடங்குவதை விட்டுவிட்டு அவர்கள் வேலை கொடுக்கத் தொடங்கினார்கள். தெருவில் கிடந்த காலை உணவுப் பெட்டி அட்டைகளை நீளமான முக்கோணங்களாக வெட்டி, இறுக்கிச் சுருட்டி, வார்னிஷ் பூசி மணிகளாக்கி மாலை கோர்க்கும் வேலை. ‘அப்பேரன்ட் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் அது வளர்ந்து, களிமண், உலோகக் கைவினைகள் என்று விரிந்து பல நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்தது. காகித மணி கோர்த்த தாய், மாலையில் தன் பிள்ளையிடமே திரும்பிப் போனாள். பக்தி இங்கே குறையவில்லை. அது கேட்ட கேள்விதான் மாறியது.

இதை வைத்து எல்லா இல்லங்களையும் மூடிவிடலாம் என்று சொல்லிவிட முடியாது. பெற்றோர் உண்மையிலேயே இல்லாதவர்கள், வீட்டிலேயே கொடுமைக்கு ஆளானவர்கள், கடுமையான உடற்குறையோடு பிறந்து மருத்துவமனை வாசலில் விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கென்ஸ்கோஃப் மலையில் உள்ள செயின்ட் ஹெலேன் இல்லத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்கலாம். 1954-ல் மெக்சிகோவில் அருட்தந்தை வில்லியம் வாசன் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பின் ஹைட்டிக் கிளை அது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலிருந்து 1993-ல் தன்னார்வலராக வந்த ஜீனா ஹெராட்டி, அங்கே மாற்றுத்திறன் குழந்தைகளோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர். கிரியோல் பேசுகிறார். இந்தக் குழந்தைகளுக்கு அவர் வாரக்கணக்கில் வந்துபோகும் விருந்தாளி இல்லை.

அதே அமைப்பின் மருத்துவமனை தபாரில், மால்பாஸ் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அருட்தந்தை ரிக் ஃப்ரெஷெட் 1980களின் பிற்பகுதியில் பாதிரியாராக ஹைட்டி வந்தவர். மருந்து கிடைத்தால் பிழைக்கக்கூடிய குழந்தைகள் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்துவிட்டு, நடு வயதில் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து டாக்டராகத் திரும்பினார். அவர் நிறுவிய செயின்ட் டேமியன் குழந்தைகள் மருத்துவமனை, நாட்டின் முக்கியமான குழந்தை மருத்துவமனையாயிற்று. மருத்துவர்களும் செவிலியர்களும் பெரும்பாலும் ஹைட்டியர்கள். இன்னும் கிழக்கே, ஃபோன் பரிசியானில், ‘லவ் எ சைல்ட்’ என்ற கிறிஸ்தவ அமைப்பின் வளாகம் இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகான மாதங்களில் ஹார்வர்ட் மனிதநேய அமைப்பு அங்கேதான் கூடாரம் போட்டுக் கள மருத்துவமனை நடத்தியது. தலைநகரில் கால் உடைந்தவர்கள் லாரிகளில் அங்கே வந்து சேர்ந்தார்கள். முன்பே வேரூன்றிய வளாகம், தண்ணீர், மொழி தெரிந்த ஆட்கள் எல்லாம் தயாராக இருந்ததால் அது முடிந்தது.

கிறிஸ்தவ உலகத்துக்குள்ளேயே இப்போது இந்த விவாதம் நடக்கிறது. ‘ஃபெய்த் டு ஆக்‌ஷன்’ என்ற கூட்டமைப்பு, காப்பகங்களுக்குப் பணம் அனுப்பும் சபைகளைக் குடும்ப உதவியின் பக்கம் திருப்ப முயல்கிறது. உங்கள் பணத்தில் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களைத் திரும்ப அனுப்ப இல்லம் என்ன செய்கிறது என்று கேட்கச் சபைகளுக்குச் சொல்லித்தருகிறது. 2018-ல் ஆஸ்திரேலியா, இல்லங்களுக்காகக் குழந்தைகளைச் சேர்ப்பதை நவீன அடிமைத்தனச் சட்ட விவாதத்தில் கடத்தலின் ஒரு வடிவமாகவே பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, காப்பகங்களில் தன்னார்வச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு நேரும் கேட்டைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஹைட்டி அரசும் தத்து குறித்த ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2014-ல் அது நடைமுறைக்கு வந்தது. தனியாருக்குள் பேசி முடிக்கும் தத்து அத்தோடு சட்டப்படி முடிந்தது. வளர்ப்புக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் முறையும் மெல்லத் தொடங்கியது.

அதற்குள் சாலையே மாறிவிட்டது. 2021 அக்டோபர் 16 அன்று, ஒஹாயோவைச் சேர்ந்த ‘கிறிஸ்டியன் எய்ட் மினிஸ்ட்ரீஸ்’ அமைப்பின் 17 பேர் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கான்த்தியே அருகே ஆயுதக் கும்பல் அவர்களை மறித்துக் கொண்டுபோயிற்று. பதினாறு அமெரிக்கர்கள், ஒரு கனடியர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள், ஒன்று எட்டு மாதக் கைக்குழந்தை. தலைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டது ‘400 மவோசோ’ கும்பல். சிலரைப் பிறகு விட்டார்கள். எஞ்சிய பன்னிரண்டு பேர் டிசம்பர் நடுவில் ஓர் இரவு, கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, முட்புதர்களுக்கு நடுவே மணிக்கணக்கில் நடந்து தப்பினார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் 33 குழந்தைகளோடு பேருந்து போன அதே சாலைதான் அது.

2025 ஆகஸ்ட் 3 விடியற்காலையில் ஆயுதக் கும்பல் செயின்ட் ஹெலேன் இல்லத்துக்குள் புகுந்தது. ஜீனா ஹெராட்டியையும், மூன்று வயதுக் குழந்தை உட்பட வேறு சிலரையும் தூக்கிப்போனது. அயர்லாந்தே கலங்கியது. மாத இறுதியில் எல்லாரும் உயிரோடு விடுபட்டார்கள்.

இன்று அந்தத் தடத்தில் பாதுகாப்பாகப் பயணம் போக வழியில்லை. போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் பெரும்பகுதி கும்பல்களின் கையில் இருக்கிறது. 2024 நவம்பரில் விமானங்கள்மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்த பிறகு அமெரிக்க விமானங்கள் தலைநகருக்குப் போவது நின்றது. 2025 தொடக்கத்தில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள், அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். கும்பல்களில் துப்பாக்கி ஏந்துகிறவர்களில் பாதிவரை சிறுவர்களாக இருக்கலாம் என்கிறது யுனிசெஃப். பள்ளி மூடிவிட்டது, வீட்டில் சோறில்லை, கும்பல் சோறு போடுகிறது. கலபாஸ் பெற்றோர்கள் 2010-ல் சொன்ன அதே காரணங்கள், இன்று பிள்ளைகளை வேறொரு பேருந்தில் ஏற்றுகின்றன.

வெளியாட்கள் வர முடியாத இந்த ஆண்டுகளில் வேலையைத் தாங்குகிறவர்கள் ஹைட்டியர்களே. 2024-ல் தலைநகரின் பெரிய பொது மருத்துவமனையைக் கும்பல்கள் முடக்கிய பிறகும், செயின்ட் டேமியனின் செவிலியர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பணிக்கு வந்தார்கள். முகாமாக மாறிய பள்ளி வளாகங்களில் ஆசிரியர்கள் மரத்தடியில் பாடம் நடத்துகிறார்கள். சபைகள் ஊழியப் பயணத்துக்கு விமானச் சீட்டு, விடுதி, டி-ஷர்ட் என்று ஒதுக்கிவந்த பணம் இந்தச் செவிலியரின் சம்பளமாகவும், ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணமாகவும் போய்ச் சேர இன்னும் வழி இருக்கிறது. சில சபைகள் அப்படி அனுப்பத் தொடங்கிவிட்டன.